கல்யாண முருங்கைக் கப்பல்

அர்த்தனாரிக்குக் கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், கிணற்றுப் பாசனத்தோடு நல்ல பூமி இருந்தது. வாழையும் கடலையும் போட்டால் போட்டதற்குக் குறைவில்லாமல் விளையும். ஆனால் அவன் மனசெல்லாம் கேமராவில்தான். சேலத்தைவிட்டுப் போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது கட்டில் வாங்கப் போனவன், கறுப்புத் தோல் ஒட்டிய ஒரு பெட்டிக் கேமராவோடு திரும்பி வந்தான். மாடு, ஏற்றம் கட்டிக் கவலை இறைக்கும் கிணறு, பொங்கல் பானை, கோபமாக நிற்கும் மாமனார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தான். இனி எதைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான், மிளகு வாங்க மலையேறியவன் வாசலூர்பட்டியில் சாமியப்பனின் கப்பலைப் பார்த்தான்.

சாமியப்பனும் ஏறக்குறைய அவன் வயசுக்காரன். இளவட்டத்தில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டணம் போய், ரங்கூன் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்தவன். யுத்தம் தொடங்குவதற்கு முன்பே ஊர் திரும்பி, சென்னம்மாளைக் கட்டிக்கொண்டு, சாமைக்காடும் மிளகுக்கொடியுமாக இருந்தான். கப்பலில் இருந்த நாளெல்லாம் அடியில், நெருப்புக்கு முன்னால்தான் கிடந்தான். துறைமுகத்தில் இறங்கும்போது மட்டும் வெளியே நின்று அதை முழுசாகப் பார்ப்பான். பார்த்தது போதவில்லை. அதனால்தான் செய்ய ஆரம்பித்தான்.

மிளகுக்கொடி ஏற்றிவிட்டிருந்த கல்யாண முருங்கை ஒன்று காற்றில் சாய்ந்தது. அதன் கட்டை காய்ந்தால் தக்கைபோல் இருக்கும், கத்திக்கு இழையும். அதைக் குடைந்து உடல் செய்தான். புகைபோக்கிக்கு மூங்கில், கொடிமரத்துக்கு மூங்கில் சிம்பு, கயிறுகளுக்கு அன்னாசி நார். சன்னல் ஓட்டைகளைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சுட்டான். அளவுக்கு அவன் வைத்திருந்தது நெல்மணி. கப்பலில் ஓர் ஆள் உயரம் என்றால் இதில் ஒரு நெல் உயரம். கதவும் கைப்பிடிக் கம்பியும் ஏணியும் உயிர்காக்கும் படகுகளும் எல்லாம் அந்தக் கணக்குதான். முடித்துப் பார்த்தால் கப்பல் ஒன்றேகால் முழம் வந்தது.

அர்த்தனாரி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

“சாமியப்பா, இதை நெசக் கப்பலாட்டம் ஒரு படம் புடிச்சே ஆகோணும்” என்றான்.

“நெசக் கப்பலாட்டமுங்களா? அது எப்படீங்ணா?”

“எப்படின்னு எனக்கும் தெரியாது. புடிச்சுப் பாக்கலாம் வா.”

முதல் தடவை, கட்டிலில் நீல வேட்டியை விரித்து அதன்மேல் கப்பலை வைத்துப் பிடித்தார்கள். கழுவி வந்த படத்தில் ஒரு கட்டில், ஒரு வேட்டி, ஒரு பொம்மை. அதுவும் கலங்கலாகத் தெரிந்தது. அந்தப் பெட்டிக் கேமராவுக்குக் கிட்டப் பார்வை கிடையாது. ஏழெட்டடி தள்ளி நின்றால்தான் எதுவும் தெளிவாக விழும். அத்தனை தூரத்தில் கப்பல் கரப்பான்பூச்சி அளவுக்குப் போய்விடும். அர்த்தனாரி ஒரு மாதம் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தான். மாமனாரின் வெள்ளெழுத்துக் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்தபோது, உடையாத பக்கத்தைக் கேட்டு வாங்கி, தேன்மெழுகால் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒட்டினான். மெழுகு பூசிய காகிதத்தைப் பின்னால் வைத்துப் பார்த்ததில், ஒன்றரை முழத்தில் பிம்பம் பளிச்சென்று நின்றது. அன்று அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே மறந்துபோனான்.

இரண்டாவது தடவை, சாமியப்பனின் காட்டுக்குக் கீழே இருந்த குட்டையில் மிதக்கவிட்டார்கள். இந்த முறை படம் கூர்மையாக வந்தது. அதுதான் வினையாகிவிட்டது. கப்பலைச் சுற்றி எழுந்த ஒவ்வோர் அலையும் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. மிதந்து வந்த ஓர் அரச இலை கப்பலில் பாதி இருந்தது. மூலையில் ஒரு தவளை, யானைபோல.

“தண்ணியைச் சின்னதாக்க முடியாதுங்ணா” என்றான் சாமியப்பன்.

அப்போது படத்தை எட்டிப் பார்த்த சென்னம்மாள் சொன்னாள். “தண்ணி என்னத்துக்கு? பாறைக்கட்டுல காலையில போயிப் பாருங்க. கீழ பூரா பாலை ஊத்தி வெச்சாப்புல மஞ்சு நிக்குது. அது ஆடுதா, அலையுதா? அதுமேல வெச்சுப் புடிச்சா ஆகாதா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அர்த்தனாரி எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

“அம்மிணி! இதை நீ முன்னாலயே சொல்றதுக்கென்ன?”

“ஆரு கேட்டீங்க?” என்றாள் அவள்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தத்தில் ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாகியிருந்தது. சேலத்து ஸ்டூடியோவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டு சுருள்கள் அர்த்தனாரியிடம் இருந்தன. ஒன்றைக் கேமராவில் போட்டுக்கொண்டு தை மாதத்துக் குளிரில் மலையேறினான். பாறைக்கட்டு என்பது ஊருக்குத் தெற்கே மலை சட்டென்று அறுந்து இறங்குகிற இடம். விளிம்பில் மேசைபோல ஒரு பாறை, அதற்குக் கீழே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு படி, அதற்கும் கீழே பாதாளம். அன்று பாதாளத்தைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக மஞ்சு பரந்து, பாறையின் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சாமியப்பன் கப்பலைச் சற்றுச் சாய்வாக, முகப்பு முன்னால் வருகிற மாதிரி விளிம்பில் வைத்தான். அர்த்தனாரி ஒன்றரை முழக் கயிற்றை நீட்டித் தூரம் பிடித்து, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, மேலிருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்தான். கல் தெரிந்தது. கேமராவின் முன்பக்கத்து அடியில் ஓலைத் துண்டைச் செருகிக் கொஞ்சம் நிமிர்த்தினான். கல் மறைந்தது.

“புகை! புகை வேணுமல்லோ!” என்று கத்தினான்.

சென்னம்மாள் ஊதுபத்தியை முறித்து, பற்றவைத்து, கீழ்ப்படியில் இறங்கி ஒளிந்துகொண்டு, கையை மட்டும் நீட்டிப் புகைபோக்கிக்குள் சொருகினாள். மெல்லிய புகை எழுந்து பின்பக்கமாக வளைந்தது. மஞ்சு ஒரு நூலளவு ஏறிக் கப்பலின் அடியை மூடியது.

“அண்ணா, போகுதுங்க! கப்பல் போகுதுங்க!” என்று சாமியப்பன் தன்னை மறந்து கூவினான்.

அந்தச் சுருளில் இருந்த எட்டுப் படத்தையும் அர்த்தனாரி அங்கேயே பிடித்துத் தீர்த்தான்.

சுருளைக் கழுவச் சேலத்தில் கொடுத்துவிட்டு வந்தான். சொன்ன நாளில் போய்க் கேட்டபோது ஸ்டூடியோக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. “மருந்து தீந்துபோச்சு, அடுத்த வாரம் வா” என்றவர், “உங்க ஊரு காரவள்ளிதானே?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அர்த்தனாரிக்கு எதுவும் தோன்றவில்லை. படம் எப்படி வந்திருக்குமோ என்ற நினைப்பிலேயே பஸ் ஏறி வந்துவிட்டான்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் அவன் வாசலில் வந்து நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பெயர் அருணாசலம். ஆஜானுபாகு. மீசை காதைத் தொட்டது. அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

“யோவ், இது நீ புடிச்சதா?”

அர்த்தனாரி வாங்கிப் பார்த்தான். அகன்ற வெண்கடலில் ஒரு நீராவிக் கப்பல் புகை விட்டபடி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. பின்பாகம் லேசாக மங்கி மூடுபனிக்குள் கரைந்திருந்தது.

“நாந்தானுங்க! நான் புடிச்சதுதானுங்க!”

“எந்தத் துறைமுகத்துல புடிச்ச? கப்பலைப் படம் புடிக்கக் கூடாதுன்னு யுத்தகாலச் சட்டம் இருக்குது, தெரியுமா? ஆருக்கு அனுப்பறதுக்குப் புடிச்ச?”

அர்த்தனாரி அண்ணாந்து அவரைப் பார்த்தான். அவன் முகம் பூவாக மலர்ந்துகொண்டே போனது.

“ஏனுங்க எசமான், இதை நெசக் கப்பலுன்னே நெனைச்சுப்போட்டீங்களா?”

“என்னய்யா உளர்றே?”

“நெசமாலுமே நெனைச்சீங்களா? ஸ்டூடியோக்காரரும் நெனைச்சாருங்களா? அட சாமி!” என்று அவன் வீட்டுக்குள் திரும்பி, “ஏ குழந்தையம்மா, இங்க வா! போலீசே நெசக் கப்பலுன்னு நெனைச்சுப்போட்டாங்க!” என்று கத்தினான். அவன் மனைவி குழந்தையம்மாள் வந்தாள், காக்கி உடுப்பைக் கண்டாள், வாயைப் பொத்திக்கொண்டு நிலையைப் பிடித்து நின்றாள். அருணாசலத்துக்குக் கோபம் தலைக்கேறியது. கைது செய்ய வந்த இடத்தில் எவனும் இதுவரை அவரைப் பார்த்து இப்படிப் பூரித்ததில்லை.

“பொம்மைங்கிறியா? நான் தரங்கம்பாடிக்காரன்யா. பொறந்ததுலருந்து கப்பலைப் பாத்து வளந்தவன். என்கிட்டயேவா? இதுல பேரு எங்க? முகப்புல பேரை அழிச்சிருக்கு. பேரை அழிச்சா அது யுத்தத்துக்குப் போற கப்பல்.”

“அழிக்கலீங்க. எழுதவே இல்லீங்க. எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீசு எழுத வராதுங்களே!”

கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு இருமினார்.

கடைசியில், கப்பலைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் அங்கேயே விலங்கு மாட்டுங்கள் என்று அர்த்தனாரி சொன்னதும் மூவரும் மலையேறினார்கள். கிளம்பும்போது மிச்சமிருந்த ஒரே சுருளைக் கேமராவில் போட்டு எடுத்துக்கொண்டான் அர்த்தனாரி. ஒற்றையடிப் பாதை, கல்லும் வேருமாகச் செங்குத்து. பூட்ஸ் காலோடு ஏறிய சப்-இன்ஸ்பெக்டர் வழிநெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். அவன் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி முன்னால் ஓடி ஓடி நின்றான்.

வாசலூர்பட்டியில் காக்கியைக் கண்டதும் சாமியப்பன் அரிவாளைப் போட்டுவிட்டுச் சாமைக் களத்துக்குப் பின்னால் ஓடினான். காட்டில் மரம் வெட்டினேன் என்று பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைப்பு. சென்னம்மாள்தான் தைரியமாக முன்னால் வந்தாள்.

“அது காத்துல உழுந்த மரமுங்க. எங்க சொந்த மரமுங்க.”

“எந்த மரம்?” என்றார் அருணாசலம் மூச்சிரைக்க.

“கப்பல் செஞ்ச மரமுங்க.”

அவள் உள்ளே போய்க் கப்பலை இரண்டு கையாலும் ஏந்திவந்து அவர் முன்னால் வைத்தாள். அருணாசலம் படத்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். உட்கார்ந்து, படகுகளை விரல் நுனியால் எண்ணினார். ஏணியைப் பார்த்தார். அவர் முகம் இளகத் தொடங்கியதுபோல் இருந்தது. சட்டென்று எழுந்தார்.

“கப்பல் சரி. பாத்து அச்சு அசலாச் செஞ்சிருக்கீங்க. அப்ப இந்தப் படத்துல இருக்கிற கடல்? சேலம் ஜில்லாவுல கடல் எங்கய்யா இருக்குது? அதைக் காட்டு.”

“அது காலையிலதான் வருமுங்க” என்றாள் சென்னம்மாள்.

“கடல் காலையில வருமா!”

“ஆமாங்க. வெயில் ஏறினாப் போயிருமுங்க.”

களத்துக்குப் பின்னாலிருந்து சாமியப்பன் மெல்ல எட்டிப் பார்த்தான். அர்த்தனாரி கூப்பிட்ட கூப்பாட்டில் வெளியே வந்து படத்தை வாங்கினான். அதற்குப் பிறகு போலீஸ் நிற்பதையே மறந்தான். “அண்ணா, இது நம்முளுதா? இது நம்ம கப்பலா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். “ரங்கூன் கரையில நின்னு பாத்தா இப்படித்தானுங்க வரும், இதேதானுங்க!” கண்ணில் நீர் கட்டியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் அன்று அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். விடிகாலையில் எல்லோரும் பாறைக்கட்டுக்குப் போனார்கள்.

மஞ்சு இல்லை.

துடைத்துவிட்ட மாதிரி வானம். கீழே காரவள்ளி வரைக்கும் வயலும் பனையும் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தன. அர்த்தனாரியின் வீட்டு ஓடுகூடத் தெரிந்தது. கான்ஸ்டபிள் இடுப்பில் தொங்கிய விலங்கை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கடல் லீவு போட்டிருச்சா?” என்றார் அருணாசலம். விலங்கைவிட, இந்த மனுஷர் நம்பாமலே போய்விடுவாரே என்பதுதான் அர்த்தனாரிக்குப் பெரிதாக இருந்தது.

சென்னம்மாள் மட்டும் பள்ளத்தாக்கின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செத்த இருங்க. ராத்திரிப் பனி அடியில கெடக்குது. வெயில் பட்டா எந்திரிக்கும்.”

சூரியன் கிழக்குக் குன்றுக்கு மேல் வந்தது. கீழே ஓடையோரத்தில் புகைபோல ஒன்று கிளம்பியது. பிறகு இன்னோர் இடத்தில். இரண்டும் கை கோத்தன. வாழைத் தோப்பு மறைந்தது, பனைமரங்கள் ஒவ்வொன்றாக முழுகின, அர்த்தனாரியின் வீடு முழுகியது. வெள்ளை பொங்கிப் பொங்கி மலைச்சரிவில் ஏறி வந்தது.

“வருதுங்க! வருதுங்க! சாமியப்பா, வை, வை!”

சாமியப்பன் கப்பலை வைத்தான். கயிறு நீட்டினார்கள். ஓலையைச் செருகினார்கள். சென்னம்மாள் படியில் இறங்கி ஊதுபத்தியைச் சொருகிவிட்டுக் குந்தினாள். மஞ்சு பாறையின் உதட்டைத் தொட்டது.

“எசமான், இப்பப் பாருங்க!”

அருணாசலம் தொப்பியைக் கழற்றினார். ஈரப் பாறையில் முழங்கால் போட்டார். போதவில்லை. உடுப்போடு குப்புறப் படுத்து, நெஞ்சால் நகர்ந்து, கேமராவின் சின்னக் கண்ணாடிமேல் முகத்தை வைத்தார்.

மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

“அடேயப்பா!” என்றார். “அடேயப்பா! டேய், அது வருதுடா! கரையில நிக்கிற மாதிரியே இருக்குடா!” தலையைத் தூக்கிப் பார்த்தார், பாறைமேல் பொம்மை. குனிந்து பார்த்தார், கடலில் கப்பல். தூக்கினார், குனிந்தார். சிறுபிள்ளைபோல அதையே செய்துகொண்டிருந்தார். “யோவ், நீயும் வந்து பாருய்யா!” என்று கான்ஸ்டபிளை இழுத்து, அவரையும் படுக்கவைத்தார்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டபோதுதான் அவருக்குக் கவலை வந்தது. “நான் நம்பிட்டேன். மேல இருக்கிறவங்க எப்படி நம்புவாங்க? பொம்மைன்னு எழுதினா என்னையில்ல கேலி பண்ணுவாங்க?”

“ஒரு ரோசனைங்க” என்றாள் சென்னம்மாள், படியிலிருந்து தலையை நீட்டி. அவள் தலையை நீட்டிய நேரம் கேமராவின் சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அர்த்தனாரி துள்ளி எழுந்தான். கப்பலுக்குப் பின்னால், கடலுக்குள்ளிருந்து, கொடிமரத்தைவிட உயரமாக ஒரு பெண்ணின் முகம் எழுந்திருந்தது.

“அதேதான் அம்மிணி! நீ மேல வா. எசமான், நீங்க அங்க இறங்குங்க! உங்க தலை பக்கத்துல நின்னாக் கப்பல் பொம்மைன்னு மேல இருக்கிறவங்களுக்கே தெரிஞ்சுரும்!”

அருணாசலம் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். சென்னம்மாள் இடம் காட்டினாள். கப்பலுக்குப் பின்னால் கழுத்துவரை மஞ்சில் முழுகி, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய முகத்துக்கு முன்னால் ரங்கூன் கப்பல் புகை விட்டுக்கொண்டு போனது. சிரிக்கக் கூடாது என்று அர்த்தனாரி சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் படம் சிரித்தபடி விழுந்தது. இரண்டாவதில் சட்டத்துக்கு உரிய முகத்தோடு நின்றார்.

இரண்டாவது படம்தான் மேலிடத்துக்குப் போனது. அங்கே எல்லா மேசைக்கும் அது சுற்றியதென்றும், பெரிய அதிகாரி தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாரென்றும் பிறகு தெரிந்தது. வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஸ்டூடியோக்காரர் அர்த்தனாரியைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டு, முன்பு பிடித்த எட்டுப் படங்களையும் காசு வாங்காமல் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்றைச் சோளக்காட்டுச் சந்தையில் சாமியப்பன் தன் மிளகுச் சாக்குமேல் சாய்த்து வைத்தான். அன்னாசி விற்க வந்தவர்கள் விற்பதை விட்டுவிட்டுக் கூடி நின்றார்கள்.

மாசி மாதத்தில் அருணாசலம் அர்த்தனாரியையும் கூட்டிக்கொண்டு மறுபடி மலையேறிச் சாமியப்பன் வீட்டுக்கு வந்தார். இந்த முறை வேட்டி சட்டையில் வந்திருந்தார், பூட்ஸையும் காணோம். எங்கிருந்தோ சம்பாதித்த இரண்டு ஃபிலிம் சுருள்களை மடியிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கரித்துண்டால் ஒரு பாய்மரத் தோணியை வரைந்து காட்டினார். தரங்கம்பாடியில் அவருடைய அப்பா உப்பு ஏற்றிப் போன தோணி. அது இப்போது இல்லை; படமும் இல்லை.

“உங்களால முடியுமா?” என்றார். அந்த மீசைக்குப் பொருந்தாத தயக்கம் குரலில் இருந்தது.

சாமியப்பன் வரைபடத்தின்மேல் குனிந்துவிட்டான். “ஆள் எவ்வளவு உசரமுங்க? பாய்மரம் எத்தனை ஆள் உசரமுங்க?” நெல்லுக்குக் கைநீட்டினான்.

“பாய்தான் கஷ்டம்” என்றான் அர்த்தனாரி. “காத்துல உப்பி நிக்கோணும். நெசக் காத்தடிச்சா மஞ்சு கலைஞ்சுரும்.”

“மல்லுத் துணியைக் கஞ்சியில முக்கி, உருண்டைச் சட்டிமேல போட்டுக் காயவெச்சா உப்பினாப்புலயே நிக்கும்” என்றாள் சென்னம்மாள்.

மூன்று ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏற்கெனவே அடுப்பங்கரையில் சட்டி தேடிக்கொண்டிருந்தாள்.